ஆறு மணித்தியாலத்தில் பாதி

தம்பியின் மகளுக்கு முதல் தடவை இரத்தம் போனபோது, அது பீற்றூட் என்று சொன்னவள் நான்.

அவளுக்கு அப்போது நாலு வயது. சண்டிலிப்பாயில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகளில் இருந்தோம். முன் வீட்டில் தம்பி, அவன் மனைவி, பிள்ளை. கிணற்றுக்கு அப்பால் இருந்த இரண்டறை வீட்டில் நான். நாற்பது கடந்தவள், கல்யாணம் செய்யாதவள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தம்பி தோட்டக்காரன். அந்த வருடம் புகையிலைக்குப் பக்கத்தில் நாலு பரப்பில் பீற்றூட் போட்டிருந்தான். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் லொறிகள் வரவில்லை. விற்காததெல்லாம் எங்கள் அடுப்புக்கு வந்தது. ஆகவே ஒரு காலையில் மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, பிள்ளை வெளிக்குப் போன பிளாஸ்ரிக் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியால் ஓடி வந்து காட்டியபோது நான் கண்ணாடியைக்கூடப் போடாமல் பார்த்தேன்.

"மச்சாள், இதைப் பாருங்கோ. சிவப்பாக் கிடக்கு."

"ராத்திரி என்ன சாப்பிட்டவள்?"

"பீற்றூட் கறியும் சோறும்."

"பிறகென்ன? அதின்ரை சாயம்தான். உதுக்கெல்லாம் பயந்தால் பிள்ளை வளக்கேலாது."

மச்சாள் என்னை நம்பினாள். வீட்டில் படித்தவள் நான். அதிலும் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சட்டியைக் கழுவிவிட்டுப் போய்விட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று சைக்கிளை எடுத்தேன்.

இரண்டு கிழமைக்குள் ஒரு பின்னேரம் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் அப்படியே இருந்துவிட்டாள். எழும்பவில்லை. தூக்கப் போன என் கை நனைந்தது. சட்டையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்புக் கலந்த சிவப்பு. அன்று வீட்டில் பீற்றூட் சமைக்கவேயில்லை.

"எங்கையம்மா நோகுது?"

"நோகேல்லை, மாமி. நித்திரை வருது."

நோகிறது என்று அழுதிருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். உதடு வெள்ளைக் கடதாசி போல இருந்தது. அயலவர் ஒருவரின் காரில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். தம்பியின் இரத்தம் பொருந்தியது. அவனிடமிருந்து எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். காலையில் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. இரத்தம் போவதும் தானாகவே நின்றது.

அடுத்த பத்து நாட்களும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பூச்சி இல்லை. வயிற்றுளைவு இல்லை. பேரியம் என்ற வெள்ளைக் கூழைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் சத்திரசிகிச்சை டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளின் பின்பக்கத்தில் ஒரு குழாயை வரைந்தார். குழாயின் ஒரு பக்கத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு பை.

"பிள்ளை தாயின்ரை வயித்துக்குள்ளை இருக்கேக்கை குடலுக்கும் தொப்புளுக்கும் நடுவிலை ஒரு சின்னக் குழாய் இருக்கும். பிறக்க முதலே அது மறைஞ்சு போயிடும். சில பேருக்கு முழுக்க மறையாமல் இப்பிடி ஒரு பையாய் மிஞ்சி நிக்கும். கன பேருக்கு அதாலை ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் சில பையளுக்குள்ளை இரைப்பையிலை இருக்கிற மாதிரித் தோல் இருக்கும். அது அமிலம் சுரக்கும். பக்கத்துக் குடலுக்கு அந்த அமிலம் தாங்காது. புண் வரும். இரத்தம் போகும்."

"எக்ஸ்ரேயிலை தெரியேல்லையே?" என்றான் தம்பி.

"தெரியாது. அதுக்கு வேறை ஒரு படம் இருக்கு. ஒரு கதிர்மருந்தை நரம்பாலை ஏத்தினால், இரைப்பைத் தோல் எங்கெங்கை இருக்கோ அங்கை போய்ச் சேரும். அதுக்கெண்டு ஒரு கமரா. இரைப்பை தெரியும். இரைப்பை இருக்கக்கூடாத இடத்திலை இன்னொரு புள்ளி தெரிஞ்சால், என்ரை சந்தேகம் சரி."

"டெக்னீசியமோ?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன செய்யிறியள்?"

"பௌதிகம் படிப்பிக்கிறன்."

"அப்ப அதின்ரை அரை ஆயுள் உங்களுக்குத் தெரியும்."

தெரியும். ஆறு மணித்தியாலம். பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிய எண். ஆறு மணித்தியாலத்தில் மருந்தின் கதிர் பாதி, இன்னொரு ஆறில் அதிலும் பாதி. பிள்ளைகள் வரைபைக் கீறுவார்கள், நான் சரி போடுவேன். அந்த மருந்தையும் கமராவையும் நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் அது இல்லை. கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தது. மருந்தைப் பிறக்கவைக்கும் தாய்ப்பொருள் வாரத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும். திங்கள், செவ்வாயில் வலுவாக இருக்கும். வெள்ளிக்கிழமை ஆகும்போது வற்றிவிடும்.

"வெட்டிப் பாக்கேலாதோ, ஐயா?" தம்பி கேட்டான்.

"பாக்கலாம். திரும்ப இரத்தம் போனால் படமில்லாமலே வெட்டத்தான் வேணும். ஆனால் பிள்ளை இன்னும் பலப்படேல்லை. நான் நினைக்கிறது பிழையெண்டால், உடம்பிலை வீணாய் ஒரு வெட்டு. படம் இருந்தால் நேரை அங்கை போவன்."

குடித்த பேரியம் குடலிலிருந்து முழுக்க வெளியேறவேண்டும், இல்லாவிட்டால் அது கமராவை மறைக்கும். ஆகவே ஒரு கிழமை பொறுத்து, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு இடம் எடுத்துத் தந்தார். படத்துக்கு முதல் இரண்டு நாளும் கொடுக்கவேண்டிய குளிசையையும் தந்தார். பையிலிருக்கும் தோல் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுமாம்.

யார் கூட்டிக்கொண்டு போவது? தம்பிக்கு இருபத்தெட்டு வயது. அந்த வயதில் ஆண் ஒருவன் வவுனியா தாண்டிப் போனால் திரும்பி வருவான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம் அது. மச்சாள் ஏழு மாதக் கர்ப்பிணி. கதிர்மருந்து ஏற்றிய பிள்ளைக்குப் பக்கத்தில் அவள் இருக்கவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மிஞ்சியது நான்.

திங்கட்கிழமை காலை மச்சாள் பிள்ளைக்குத் தலை இழுத்துக் கட்டினாள். என் பக்கம் திரும்பாமலே கதைத்தாள்.

"நீங்கள்தானே பீற்றூட் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"இண்டைக்கு வேறை ஆக்கள் இருந்தால் உங்களிட்டைக் குடுத்து விடமாட்டன்."

தம்பி வாய் திறந்தான். நான் அவனைப் பேசவேண்டாமென்று கையைக் காட்டினேன். அவள் சொன்னதில் பிழை இருக்கவில்லை.

பஸ் ஆனையிறவு வரைக்கும் நன்றாக ஓடியது. அங்கே நிறுத்திவிட்டார்கள். முன்னால் ஏதோ நடந்திருந்தது. என்ன நடந்ததென்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கதை கிடைத்தது. எல்லோரும் வெயிலில் இறங்கி நின்றோம். உப்பளக் காற்று. பிள்ளைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஆறு மணித்தியாலம் கழித்து விட்டார்கள். அதே நேரத்தில் எங்கோ ஒரு ஈயப் பாத்திரத்துக்குள் எங்களுக்கான மருந்து தன்பாட்டில் குறைந்துகொண்டிருந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது "எந்த வெளிச் சக்தியாலும் இதை நிறுத்தவோ வேகப்படுத்தவோ முடியாது" என்று ஒரு வசனம் சொல்வேன். அதை இவ்வளவு அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேனே என்றிருந்தது.

பின்னேரம் வவுனியா போய்ச் சேர்ந்தபோது ஊரடங்கு போட்டுவிட்டார்கள். என்னோடு ஒரு காலம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். செவ்வாய் போனது. எங்கள் நாள் அதுதான். புதனும் போனது. தொலைபேசி வேலை செய்யவில்லை. பிள்ளை ரீச்சர் வீட்டுக் கோழிகளுக்குப் பின்னால் திரிந்தாள். நான் வாசலில் நின்றேன்; உள்ளே வந்தேன்; திரும்பவும் வாசலுக்குப் போனேன்.

வியாழன் விடிந்து பிள்ளை கக்கூசுக்குப் போகவேண்டுமென்றாள். குந்தியிருந்தவள் என் தோளைப் பிடித்தாள். எட்டிப் பார்த்தேன். கறுப்பு, களி மாதிரி, ஓரத்தில் கருஞ்சிவப்பு. அரைச் சிரட்டை அளவு இருக்கும்.

மூன்றாவது தடவை.

டொக்டர் எனக்கு ஒன்று சொல்லித் தந்திருந்தார். நாடியை எண்ணு, நிமிடத்துக்கு நூற்றி நாற்பதைத் தாண்டினாலோ உதடு வெளுத்தாலோ படத்தை மறந்துவிட்டு, கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். நூற்றி இருபத்தாறு. பத்து நிமிடம் கழித்து நூற்றி இருபத்தெட்டு. உதட்டில் இன்னும் சிவப்பு இருந்தது.

"திரும்பிப் போங்கோ, ரீச்சர்," என்றார் எங்களுக்கு இடம் தந்த ரீச்சர். "பிள்ளைக்கு ஏதும் ஆச்செண்டால் தாய்க்கு என்ன பதில் சொல்லுவியள்?"

"திரும்பிப் போறதும் அதே தூரம்தானே."

"இஞ்சை ஆஸ்பத்திரி இருக்கு."

"இருக்கு. அவை இரத்தம் ஏத்துவினம். நிக்கும். பிறகு திரும்பப் போகும். எங்கையிருந்து போகுதெண்டு தெரியாமல் எத்தினை தரம் ஏத்துறது?"

தைரியமாகச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் உதட்டைத் திரும்பவும் பார்த்தேன். பத்து மணிக்கு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். பஸ் நிலையத்தில் யாழ்ப்பாணம் போகும் பஸ்சும் நின்றது, கண்டி போகும் பஸ்சும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் நின்று இன்னொருதரம் நாடியைப் பிடித்தேன். நூற்றி இருபத்திரண்டு. கண்டி பஸ்சில் ஏறினேன். இன்றைக்கும் அது சரியான முடிவா என்று யாராவது கேட்டால், பிள்ளை பிழைத்தபடியால் சரி என்றுதான் சொல்ல முடியும். வேறு நியாயம் என்னிடம் இல்லை.

வழி முழுக்க அரை மணிக்கொருதரம் எண்ணினேன். மாத்தளை மலைகள் தெரியத் தொடங்கியதும் பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டாள். மலையைக் காணாத பிள்ளை. நானும் எண்ணுவதை விட்டுவிட்டு அவளோடு கொஞ்ச நேரம் பார்த்தேன்.

வெள்ளி காலை ஆஸ்பத்திரியில் எங்களை முதலில் சந்தித்தவர் கமராவை இயக்குகிற சிங்கள மனிதர். மொட்டைத் தலை, பெரிய குரல். தமிழ் ஐந்தாறு சொல் தெரியும். என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார். கடிதத்தில் செவ்வாய் என்று போட்டிருப்பதைக் காட்டி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். ஆனையிறவு, ஊரடங்கு, நேற்றுக் காலை போன இரத்தம் எல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறியது. உள்ளே போய், அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான பெண் டொக்டரோடு வந்தார். அவரும் சிங்களவர், என் வயது இருக்கும். பிள்ளையின் கண்மடலை இழுத்துப் பார்த்துவிட்டு மருந்து மிகக் குறைவு என்றார். அடுத்த கிழமை புதியது வரவேண்டும், ஆனால் இந்தக் குழப்பத்தில் வருமென்று நிச்சயமில்லை. இருப்பதைக் கொடுக்கலாம். வலு குறைவென்றபடியால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பிள்ளை அசையாமல் கிடப்பாளா?

"கிடப்பாள்," என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல்.

மருந்து எடுக்கும் பாத்திரத்தைத் தாங்கள் பசு என்று சொல்வதாக அந்த மனிதர் சொன்னார். ஒவ்வொரு காலையும் அதிலிருந்து கறப்பார்களாம். கிழமைக் கடைசியில் பால் வற்றிவிடுமாம். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பிள்ளைக்குச் சொன்னேன்.

"பசு எங்கை, மாமி?"

"உள்ளுக்கை நிக்குது. நீ ஆடாமல் அசையாமல் கிடந்தால் பிறகு காட்டுவினம்."

ஊசி குத்தும்போது அழுதாள். பிறகு படுத்தாள். அவள் வயிற்றுக்கு மேலே ஒரு பெரிய இரும்புத் தலை இறங்கியது. இன்னும் இரண்டு அங்குலம் இறங்கினால் நசிந்துவிடுவாள் போலிருந்தது. அவள் கண்கள் என்னைத் தேடின. கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு சின்னத் திரை. கறுப்பில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மழை தொடங்கும்போது சிமெந்து நிலத்தில் விழுகிற துளிகள் போல, முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு மேலே இடது பக்கத்தில் கூடத் தொடங்கின. இரைப்பை. பதினைந்து வருடமாக நான் படிப்பித்த தேய்வு ஒவ்வொரு அணுவாக என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது, என் தம்பியின் பிள்ளைக்குள்.

பத்து நிமிடம். இன்னொரு பத்து. கீழே இன்னொரு வெளிச்சம் வளர்ந்தது. அதுதானோ என்று கேட்டேன். அது சிறுநீர்ப்பை என்று அவர் கைகாட்டினார். மருந்து சிறுநீரிலும் வருமாம். மூன்றாவது பத்து. பிள்ளையின் கால்விரல்கள் துடித்தன, ஆனால் அவள் அசையவில்லை. இரைப்பை தெரிந்தது. சிறுநீர்ப்பை பெருத்துக்கொண்டே வந்தது. வேறொன்றுமில்லை.

டொக்டர் திரையைக் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் ஐந்து நாள் பயணமும் வீணாகிப்போனதென்று நினைத்தேன்.

ஆனால் அவர் விடவில்லை. நிறைந்த சிறுநீர்ப்பை தனக்குப் பின்னால் இருப்பதை மறைக்கலாம், பிள்ளை சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும், திரும்பவும் எடுப்போம் என்றார்.

சின்ன விஷயம். நான் பிள்ளையைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்கு ஒண்டுக்கு வரேல்லை."

"வரும். கொஞ்சம் இரு பாப்பம்."

"வரேல்லை!"

தூக்கி இருத்தினேன். கத்தினாள்; என் கழுத்தைக் கட்டிப்பிடித்து இறங்கிவிட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். கெஞ்சினேன். அதட்டினேன். அந்த மனிதர் வெளியிலிருந்து தமிழில் "பேபி, போ, போ" என்று ஊக்கம் கொடுத்தார். அவள் காலை இறுக்கிக்கொண்டு நின்றாள். வெளியே ஒரு செவ்வரத்தை மரம் தெரிந்தது. அதன் அடியில் இருத்தலாமா என்று கேட்டேன். அவர் இரண்டு கையையும் வீசி மறுத்தார். கதிர்மருந்து கலந்த சிறுநீர், நிலத்தில் விடக்கூடாது. அது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். கால் மணி போனது, அரை மணி போனது. மணிக்கூட்டைப் பார்த்தேன். இருந்த கொஞ்ச மருந்திலும் தேய்ந்தது எவ்வளவு என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அவள் முன்னால் முழங்காலில் இருந்தேன்.

"ஏனம்மா மாட்டன் எண்டுறாய்? மாமிக்கு மட்டும் சொல்லு."

அவள் என் காதுக்குள் சொன்னாள். "அதுக்குள்ளை விழுந்திடுவன்."

அப்போதுதான் நான் அந்த இடத்தை அவள் கண்ணால் பார்த்தேன். வெள்ளைக் கதிரை போல உயரமான கொமட், நடுவில் பெரிய ஓட்டை, கீழே தண்ணீர். எங்கள் வீட்டில் நிலத்தோடு குந்துகிற கக்கூசுதான். இப்படியொன்றை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. ஒரு தட்டையான பாத்திரம் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் ஓடிப்போய்க் கட்டிலில் கிடக்கும் நோயாளிகளுக்கு வைக்கும் ஏனத்தைக் கொண்டுவந்தார். நிலத்தில் வைத்தேன். பிள்ளை குந்தினாள். உடனே போனாள். நெடுநேரம் போனாள். வெளியில் நின்ற மனிதர் சத்தத்தைக் கேட்டுக் கைதட்டினார்.

திரும்பப் படுக்கவைத்தோம். இரும்புத் தலை இறங்கியது. புள்ளிகள் முன்னைவிட மெதுவாக விழுந்தன. டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். சிறுநீர்ப்பை இருந்த இடம் மங்கலாகியிருந்தது. அதற்குச் சற்று மேலே, வலது பக்கத்தில், புள்ளிகள் ஒரே இடத்தைத் தேடி வருவது போலிருந்தது. என் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதென்று கண்ணை மூடித் திறந்தேன். கொத்தமல்லி விதை அளவில் ஒரு வெளிச்சம். போகவில்லை. பிள்ளையைச் சரித்துப் பக்கவாட்டிலும் எடுத்தார்கள். அங்கேயும் இருந்தது, முதுகுப் பக்கம் இல்லை, முன்பக்கம்.

டொக்டர் பேனை நுனியால் அதைத் தொட்டு, உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் கெட்டிக்காரர் என்றார். பிறகு பிள்ளைக்கும் அதைக் காட்டி, அவள் வயிற்றில் அதே இடத்தில் பேனையால் ஒரு சின்னக் குறி போட்டார்.

மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அதுவரை சந்தேகமாக இருந்த ஒன்று இப்போது பிள்ளையின் உடம்பில் ஓர் இடத்தில் இருந்தது. பிறக்க முன்னமே அவளோடு இருந்திருக்கிறது.

பசுவைக் காட்டியே ஆகவேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தாள். அந்த மனிதர் கண்ணாடிக்கு அப்பால் நின்றபடி, மூலையில் இருந்த ஈயக் கவசம் போட்ட உருளையைக் காட்டினார். பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உது வாளி," என்றாள்.

டொக்டர் எங்களை வாட்டில் அன்று பின்னேரம் வரை வைத்திருந்து, இரத்தம் சோதித்து, பயணம் செய்யலாம் என்ற பிறகுதான் விட்டார். கறுப்புப் படத்தாளைப் பெரிய கடித உறைக்குள் போட்டுத் தந்தார். சனிக்கிழமை காலை பஸ் எடுத்தோம். ஞாயிறு மத்தியானம் குடாநாட்டுக்குள் நுழையும் சாவடியில் ஒரு சிப்பாய் அந்த உறையைப் பிரித்தான். எந்தப் படை என்பது முக்கியமில்லை. அந்த வருடங்களில் சீருடைகள் மாறிக்கொண்டிருந்தன. படத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தான். கறுப்புப் பின்னணியில் புள்ளிகள், அம்புக்குறிகள், எண்கள். இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள்.

"இது என்ன இடத்து வரைபடம்?" என்று கேட்டான். அரைகுறைத் தமிழ்.

"வரைபடம் இல்லை. ஆஸ்பத்திரிப் படம். பிள்ளையின்ரை வயிறு."

"வயிறு இப்படியா?"

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். இதில் எலும்பே இல்லை. எப்படி விளக்குவது? ஊசி, மருந்து என்று தொடங்கினேன். கதிர் என்ற சொல் வாய் நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அன்று வீட்டுக்குப் போயிருக்கமாட்டோம். விழுங்கிக்கொண்டேன். அவன் படத்தை என்னிடமிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். பஸ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டு பார்த்தார்கள். பிள்ளை முன்னால் போனாள். சட்டையைத் தூக்கி, வயிற்றில் டொக்டர் பேனையால் போட்டிருந்த சின்னக் குறியில் விரலை வைத்தாள். பிறகு படத்தில் இருந்த புள்ளியைக் காட்டினாள்.

"இது அது," என்றாள்.

அவன் வயிற்றைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். உறைக்குள் போட்டுத் திருப்பித் தந்தான்.

வீட்டுப் படலையில் மச்சாள் நின்றாள். ஆறு நாளாக எங்களைப் பற்றி ஒரு செய்தியும் அவளுக்குப் போகவில்லை. பிள்ளை அவளிடம் ஓடினாள். மச்சாள் கையை நீட்டிவிட்டு, சட்டென்று வயிற்றை அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"தூக்கலாமோ, மச்சாள்?"

"தூக்கலாம். ரெண்டு நாளாச்சு. இப்ப அதிலை ஒண்டும் மிச்சமில்லை."

"வடிவாய்த் தெரியுமோ?"

அவள் அதைக் குத்திக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டாள். ஆனாலும் எனக்குச் சுட்டது. கணக்கை மனதுக்குள் இரண்டு முறை சரிபார்த்தேன். நாற்பத்தெட்டு மணித்தியாலம். எட்டு முறை பாதி. உடம்பிலிருந்து வெளியே போனது வேறு.

"வடிவாய்த் தெரியும்," என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கினாள்.

அடுத்த நாள் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் படத்தை வாட்டின் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். செவ்வாய் காலை சத்திரசிகிச்சை. அறைக்கு வெளியே வாங்கில் நாங்கள் மூன்று பேரும். எங்கோ ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. தம்பி ஒவ்வொரு முறையும் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு டொக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் சின்னி விரலின் முதல் கணு அளவில் இளஞ்சிவப்பாக ஒன்று, ஒட்டியபடி ஒரு துண்டுக் குடல். குடலில் மிளகு அளவு குழி. அதற்குள் ஒரு இரத்தக் குழாயின் வாய்.

"இதுதான். நேரை அங்கை போனன். இருபது நிமிஷத்திலை கையிலை வந்திட்டுது. மிச்ச நேரம் தைச்சதுதான்." பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொருக்கா இரத்தம் போயிருந்தால் பெருசாய்ப் போயிருக்கும்."

தம்பி அழுதான். மச்சாள் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வயிற்றில் வளர்ந்ததொன்றை வேறு யாரோ கொண்டுவந்து காட்டுவதுபோல.

ஆனால் பயம் அத்தோடு முடியவில்லை. வெட்டித் தைத்த குடல் திரும்ப வேலை செய்யத் தொடங்கவேண்டும். அதுவரை பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயால் கிடையாது. டொக்டர் காலையும் பின்னேரமும் வந்து வயிற்றில் குழாயை வைத்துக் கேட்பார். தலையை ஆட்டிவிட்டுப் போவார். புதன் போனது. வியாழன் போனது. வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. தாதிகளான மிஸிமார் கதைக்கிற குரல் தணிந்தது. காற்றுப் பிரிந்தால் போதும், பயமில்லை என்றார்கள். வாட் முழுக்க அந்தச் செய்தி தெரிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைக் கண்டால் அதைத்தான் கேட்டார்கள்: "போச்சோ?"

வெள்ளி மத்தியானம் பார்வையாளர் நேரம். வாட் நிறையச் சனம். மச்சாள் பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் நின்றேன். திடீரென்று போர்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம். சின்னச் சத்தமில்லை. நாலு வயதுப் பிள்ளையிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியதேயில்லை. வாட் அமைதியானது. பிள்ளை வெட்கப்பட்டுப் போர்வையை மூக்கு வரை இழுத்தாள்.

முதலில் சிரித்தது எதிர்க் கட்டிலில் கிடந்த பிள்ளையின் தாய். பிறகு மிஸி. பிறகு முழு வாட்டும். யாரோ கை தட்டினார்கள். மச்சாள் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. அந்த ஒன்றரை மாதத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மச்சாள், முகத்தைப் பாத்தால் விழப்போறியள் மாதிரிக் கிடக்கு. இண்டைக்கு நான் நிக்கிறன். நீங்கள் போய்ப் படுங்கோ."

நான் வீட்டுக்குப் போய், சட்டையும் மாற்றாமல் படுத்து, அடுத்த நாள் மத்தியானம் வரை நித்திரை கொண்டேன்.